மின்சாரம் நின்றபோதும் பாடும் கித்தார்



பங்குப் பாடற்குழுவுக்கு ஒரு கித்தார் வாங்குவது ஒரே மாலைப் பொழுதில் முடிந்துவிடக்கூடிய வேலை என்றே நாங்கள் இருவரும் எண்ணியிருந்தோம். அவ்வேலை முடிய எங்களுக்கு முழுமையாக ஓராண்டு பிடித்தது. பணம் மட்டுமா செலவாயிற்று? ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவனின் நற்பெயரும், எங்கள் மன நிம்மதியும் அதில் செலவாயின. இதே வேலையை மேற்கொள்ளும் பிற பங்குகளில் உள்ளோர் நாங்கள் இடறிய இடத்தில் இடறிவிடக் கூடாதே என்னும் எண்ணத்தால் இதனை எழுதுகின்றோம். தன் பிழையை எழுதுவது எளிதன்று. எனினும் எழுதாமல் இருப்பது அதனினும் கடினமாய் இருக்கின்றது.

நாங்கள் திண்டிவனத்தில் வாழும் ஆசிரியத் தம்பதியர். பணி ஓய்வு பெற்றபின் பாடற்குழுவின் வரவு செலவுக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு எங்களிடம் வந்தது. அப்பணம் எங்கிருந்து வருகின்றது என்பதைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். திருமணத் திருப்பலியில் பாடினால் வீட்டார் தருவது ஒரு பங்கு. அடக்கத் திருப்பலியிலும் முப்பதாம் நாள் திருப்பலியிலும் பாடும்போது, கேளாமலேயே கையில் வைத்துப் போவது மறு பங்கு. அவ்வாறு சேர்ந்த தொகை 2024 நவம்பரில் 14,800 ரூபாயாக இருந்தது. அதில் இட்லிக் கடை நடத்தும் கைம்பெண் ஒருவர், தம் கணவரின் முப்பதாம் நாளன்று முந்தானையில் முடிந்து வைத்திருந்து தந்த 500 ரூபாயும் அடக்கம். அந்த அம்மாள் அதைத் தந்தபோது, "பாட்டு நல்லா இருந்துச்சு டீச்சர். ஏதாவது வாத்தியம் வாங்குங்க" என்று சொன்னதை நாங்கள் மறக்கவில்லை.

முதல் கித்தார்

எங்கள் குழுவில் கித்தார் வாசிக்கத் தெரிந்தவன் ஒருவனே. கொத்தனார் ஒருவரின் மகன், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். நண்பர்களின் கருவிகளில் பழகியே கற்றுக்கொண்டவன். "சார், வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று அவன் இருமுறை கேட்டான். "நீ உன் படிப்பைப் பார் தம்பி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டோம். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்கள் அல்லவா? ஒரு பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு என்னும் நினைவே எழவில்லை.

நாங்கள் நுழைந்த கடையின் பெயர் இங்கு வேண்டாம். பிழை எங்கள் அவசரத்தினுடையது. சிவப்பும் பழுப்புமாய்ப் பளபளக்கும் ஒரு கித்தார் அங்கே தொங்கியது. அதன் முகத்தில், பிடிலில் இருப்பதுபோல் வளைந்து நெளிந்த இரு துளைகள் தெரிந்தன. கடைக்காரர் அதை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து வாசித்துக் காட்டினார். கடை முழுவதும் அதிர்ந்தது. இணைக்காமல் வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்கும் அறிவு எங்களுக்கு இல்லை. 9,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தோம். திருவருகைக் காலம் பிறக்குமுன் கருவி வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம்.

புயலுக்குப் பின்

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததும், கடந்தபின் நகராமல் நின்று பெய்ததும் எங்கள் பகுதியினர் எவருக்கும் மறக்காது. அண்டையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே நீரில் நின்றது. மின்கம்பங்கள் சாய்ந்தன. அந்த வாரத்தில் எங்கள் தெருவில் முதியவர் ஒருவர் காலமானார். மின்சாரம் திரும்பாத நிலையில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அடக்கத் திருப்பலி நடைபெற்றது.

பாடற்குழுவினர் பதின்மர் வந்திருந்தனர். கீபோர்டு ஊமை, ஒலிபெருக்கி ஊமை. கித்தார் இருக்கிறதே என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். அத்தம்பி மீட்டினான். முதல் வரிசையில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை. கொசு ரீங்காரம் போன்று ஏதோ ஒன்று எழுந்து அடங்கியது. குழுவினர் சுருதி தவறிப் பாடினர். இறந்தவரின் மகள் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஏக்கம்தான் இருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் இட்லிக் கடை அம்மாள் கேட்டார்: "நம்ம கித்தாருக்கு என்ன ஆச்சு டீச்சர்?"

அன்று மாலை அத்தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். கித்தாரை மேசைமேல் வைத்து, அதன் முகத்திலிருந்த துளையின்மேல் விரலை வைத்தான். விரல் உள்ளே செல்லவில்லை. அது துளையே அன்று, கறுப்பு வண்ணத்தால் எழுதப்பட்ட துளையின் படம்! உடல் உள்ளீடற்றதுபோல் தோன்றினாலும் உள்ளே கட்டையாகவே இருந்தது. "கரண்டு இல்லாம இது பாடாது சார். யார்கிட்டேயும் சொல்லலே, உங்ககிட்டே மட்டும்தான் சொல்றேன்" என்றான்.

நாங்கள் காத்த மௌனம்

அவன் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அதுதான் பிழை.

2025 மே மாதம் அக்கினி நட்சத்திர வெயிலில் அக்கித்தாரின் கழுத்து வில்போல் வளைந்தது. கம்பிகள் விரற்பலகையிலிருந்து எழும்பி நின்றன. "வெயிலில் வைத்துக் கெடுத்துவிட்டான்", "முறுக்கத் தெரியாமல் முறுக்கிவிட்டான்", "வாத்தியத்தின் அருமை இவனுக்கு எங்கே தெரியும்" என்றெல்லாம் பேச்சு எழுந்தது. அவன் மறுமொழி கூறவில்லை. எங்களைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஜூன் மாதம் முதல் பாடற்குழுவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். தந்தையோடு சித்தாள் வேலைக்குச் செல்வதாகக் கேள்வியுற்றோம்.

விண்ணேற்பு அன்னை திருநாளுக்கு முன் ஒப்புரவு அருட்சாதனத்தில் இதைச் சொன்னபோது, அருட்தந்தை ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டீர்களா?" அது கடன் மன்னிப்பின் ஆண்டாகிய யூபிலி ஆண்டு. பிறர் நமக்குப் பட்ட கடனை மன்னிப்பதைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் போதித்தவர்கள், தாம் பட்ட கடனை மறைத்து வைத்திருந்தோம்.

மறு ஞாயிறு பாடற்குழுவின் முன்பாக நடந்தவற்றைச் சொன்னோம். 9,500 ரூபாயை எங்கள் ஓய்வூதியத்திலிருந்து நிதியில் திருப்பிச் செலுத்தினோம். பின்னர் அவன் வீட்டுக்குச் சென்றோம். சிமெண்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவனிடம், "தம்பி, இம்முறை நீ முன்னே நடந்து செல், நாங்கள் பின்னே வருகிறோம்" என்றோம். அவன் நெடுநேரம் நிலத்தையே பார்த்திருந்தான். பிறகு, "விழுப்புரத்துல ஒரு அங்கிள் இருக்காரு சார். முதல்ல அவர்கிட்டே கேட்போம்" என்றான்.

விழுப்புரத்துப் பெரியவர்

கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் கடந்து விழுப்புரம் சேர்ந்தோம். அப்பெரியவர் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆங்கிலோ-இந்தியர், எண்பதை நெருங்குபவர். இளமையில் இரயில்வே மன்றங்களில் நடனக் குழுவோடு வாசித்தவர். அவர் வீட்டுச் சுவரில், துணியால் போர்த்தப்பட்டு ஒரு பழைய கித்தார் தொங்கியது. அதை எடுத்து எந்தக் கம்பியிலும் இணைக்காமல் தம்பியின் கையில் கொடுத்தார். அவன் மீட்டியதும் அந்தச் சிறு கூடம் நிறைந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கரண்டு குரல் கொடுக்காது தம்பி. இருக்கிற குரலைப் பெரிசாக்கும். இல்லாததை எங்கேயிருந்து பெரிசாக்கும்?" என்றார் பெரியவர். அன்று அவர் வாயிலாகவும், பின்னர் படித்தும் கேட்டும் நாங்கள் அறிந்துகொண்டவற்றைச் சுருக்கித் தருகின்றோம்.

நாம் வழக்கமாகக் காணும் கித்தாரின் மேற்பலகை தட்டையானது. நடுவே வட்டத் துளை இருக்கும். குதிரை பலகைமேல் ஒட்டப்பட்டிருக்கும். ஆர்ச்டாப் என வழங்கும் வகையோ பிடிலின் உறவு. அதன் மேற்பலகை நடுவில் மேடிட்டு ஓரத்தில் தாழ்ந்து வளைந்திருக்கும். துளைகள் இரண்டும் பிடிலின் துளைகளைப் போன்றவை. குதிரை ஒட்டப்படாமல், கம்பிகளின் அழுத்தத்தாலேயே நிற்கும். கம்பிகள் உடலின் அடிப்புறத்தில் உள்ள வால்தகட்டில் மாட்டப்பட்டிருக்கும். இதனால் இதன் ஒலி சட்டென எழும், தெளிவாக வெட்டும், விரைவில் அடங்கும். நீண்டு குழையும் ஒலி வேண்டுவோர்க்குத் தட்டைக் கித்தாரே ஏற்றது. பாடுவோரின் சொற்களை மூடாமல் தாளத்தையும் சுருதியையும் பிடித்துத் தருவதற்கு இவ்வகை ஏற்றது.

அமெரிக்காவின் கலமஸூ நகரில் வாழ்ந்த ஆர்வில் கிப்ஸன் என்பார், வளைமேற்பலகை வைத்த மேண்டலினுக்கு 1898-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் எழுந்த நிறுவனம் 1922-இல் பிடில் துளைகளோடு எல்-5 என்னும் கித்தாரை வெளியிட்டது. அக்காலத்தில் கித்தாருக்கு மின்சாரம் இல்லை. ஊதுகருவிகள் முழங்கும் பெரிய இசைக்குழுவின் நடுவே மரத்தின் வலிமையாலேயே கேட்க வேண்டும் என்பதற்காக இவ்வடிவம் வளர்ந்தது. 1936-இல் அதே நிறுவனம் காந்தச் சுருள் பொருத்திய இ.எஸ்.-150 கித்தாரைக் கொண்டுவந்தது. சார்லி கிறிஸ்டியன் என்னும் கறுப்பின இளைஞர் அதனை வாசித்து உலகின் காதைத் திருப்பினார். 1942-இல் தம் 25-ஆம் வயதிலேயே அவர் இறந்துபோனார். ஆக, இக்கருவி முதலில் மின்சாரமின்றிப் பாடக் கற்றது. பிறகுதான் மின்சாரத்தைத் துணைக்கு அழைத்தது.

நம் நாட்டுக்கும் இது அயலானதன்று. ஜெய்ப்பூரின் விஸ்வ மோகன் பட் இவ்வகைக் கித்தாரையே மாற்றியமைத்து, துணைக் கம்பிகள் சேர்த்து, மோகன வீணையாக்கினார். ரை கூடர் என்னும் அமெரிக்கருடன் அவர் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு 1994-இல் கிராமி விருது பெற்றது.

எளியோருக்கு ஏற்றது எது?

எங்கள் கேள்வி எளியது. மின்சாரம் இருக்கும் நாளில் ஆலயம் முழுவதும் கேட்க வேண்டும். இல்லாத நாளில் பாடற்குழுவுக்கேனும் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே கருவி, எங்கள் கையிலிருக்கும் பணத்துக்குள் செய்ய வேண்டும். பெரியவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்.

முதலாவது மரம். முழு மரத்தைக் குடைந்து செதுக்கிய மேற்பலகையின் குரலே சிறந்தது. ஆனால் அதன் விலை நம் போன்றோர்க்கு எட்டாது. வெயிலும் ஈரமும் மாறி மாறித் தாக்கும் நம் ஊரில் வெடிப்பு விடும் அச்சமும் உண்டு. மெல்லிய தகடுகளை ஒட்டி அழுத்தி வளைத்த பலகை விலை குறைந்தது, பருவ மாற்றத்தைத் தாங்குவது. அதை இழிவாக எண்ண வேண்டியதில்லை. 1949-இல் வெளிவந்த இ.எஸ்.-175 என்னும் புகழ்பெற்ற கித்தாரின் மேற்பலகையே ஒட்டுப்பலகைதான்.

இரண்டாவது உடலின் ஆழம். ஏறத்தாழ மூன்று அங்குல ஆழமும், முழுவதும் உள்ளீடற்ற வயிறும் இருந்தால் குரல் எழும். ஒன்றே முக்கால் அங்குல மெல்லிய உடலும், நடுவே மரக்கட்டையும் வைத்தவை பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆம்ப்ளிஃபயரில் அவை நன்றாகப் பாடும், தனித்து விட்டால் முணுமுணுக்கும். நாங்கள் ஏமாந்தது இவ்விடத்தில்தான்.

மூன்றாவது காந்தச் சுருள். பலகையை வெட்டி அதில் பதித்தால், பலகையின் அதிர்வு ஓரளவு கட்டுப்படும். விரற்பலகையின் முனையில் தொங்கவிட்டால் மரம் தடையின்றி அதிரும். ஆனால் அத்தகையவை பெரும்பாலும் விலை கூடியவை. ஒற்றைச் சுருள் குழல்விளக்கின் அருகே இரையும். இரட்டைச் சுருளில் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று தின்றுவிடும். ஆலயங்களில் உள்ள பழைய மின்னிணைப்புகளுக்கு இரட்டைச் சுருளே நலம்.

நான்காவது கம்பிகள். வெண்கலம் சுற்றிய கம்பி மரத்துக்கு இனியது. ஆனால் காந்தம் அதைச் சரியாக உணராது. நிக்கல் சுற்றிய கம்பி இரண்டுக்கும் பொது. மிக மெல்லிய கம்பி போட்டால் விரலுக்குச் சுகம், குரலுக்குக் கேடு. முதற்கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு தடிமன் இருப்பது நன்று. மரக்குதிரை வைத்த கித்தார்களில் மூன்றாம் கம்பியும் சுற்றப்பட்டதாக இருக்க வேண்டும். இல்லையேல் சுருதி சேராது.

ஐந்தாவது ஊளை. வயிறு உள்ளீடற்றதாகையால், ஆம்ப்ளிஃபயரின் ஒலி மீண்டும் வயிற்றில் புகுந்து ஊளையிடும். ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்பதும், கனத்த ஒலியைக் குறைத்து வைப்பதும், தேவையானால் துளைகளில் பஞ்சோ துணியோ அடைப்பதும் போதும். முழக்கமிடும் இசைக்கு இக்கருவி ஏற்றதன்று என்பதை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். திருப்பலிக்கு முழக்கம் எதற்கு?

கடையில் செய்ய வேண்டிய சோதனைகளையும் அவர் தம்பிக்குச் செய்து காட்டினார். இணைக்காமல் முதலில் வாசி. துளைக்குள் விரல் வை. (எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார்.) தலைப்புறத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் கழுத்தின் நெடுகப் பார், முறுக்கியிருந்தால் விட்டுவிட்டு வா. கழுத்தினுள் செல்லும் இரும்புக் கம்பி திருகினால் இயங்குகிறதா என்று கேள். குதிரையின் அடி பலகையின் வளைவோடு பொருந்துகிறதா பார், ஒரு காகிதம் நுழைந்தால் பொருந்தவில்லை என்று பொருள். பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே விரலால் மெல்லத் தொட்டு மீட்டும் மணியொலியும், அங்கேயே அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் குதிரையைச் சற்று நகர்த்திச் சரிசெய். கடைசியாகத்தான் ஆம்ப்ளிஃபயர்.

புறப்படும்போது நாங்கள் ஏதோ கொடுக்க முற்பட்டோம். அவர் பெற்றுக்கொள்ளவில்லை. "பையனை விட்டுடாதீங்க" என்றார், அவ்வளவுதான்.

கோவிலில் கித்தாருக்கு இடமுண்டா?

பங்கின் பெரியவர்களுள் சிலர் இக்கேள்வியை எழுப்பினர். "ஆர்மோனியம் போதாதா? சினிமா வாத்தியம் எதற்கு?" என்றனர். அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22-ஆம் நாள், புனித செசிலியம்மாள் திருநாளன்று விடுத்த மடலில், ஆலயத்தில் பியானோவையும் ஆரவாரமான கருவிகளையும் விலக்கினார். பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம் குழலார்கனுக்கு உயர்ந்த இடம் அளித்தது. தூய பயன்பாட்டுக்கு ஏற்றவையும், ஆலயத்தின் மாண்புக்கு ஒத்தவையுமான பிற கருவிகளை உரிய அதிகாரத்தின் இசைவோடு ஏற்கலாம் என்றும் வழி திறந்தது. ஆதலால் எந்தக் கருவி என்பதோடு, அது இறைமக்களின் செபத்தைத் தூக்குகிறதா, மூடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மற்றொன்றையும் எடுத்துச் சொன்னோம். உலகெங்கும் கிறிஸ்து பிறப்பு இரவில் பாடப்படும் 'அமைதி இரவு' பாடல், ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப் சிற்றூரில் 1818 கிறிஸ்மஸ் இரவன்று முதன்முதலாகப் பாடப்பட்டபோது உடன் ஒலித்தது கித்தாரே. பாடலை எழுதிய இளங்குரு யோசேப் மோர்தான் அதை மீட்டினார், இசையமைத்தவர் ஆசிரியர் பிரான்ஸ் சேவியர் குரூபர். எலிகள் ஆர்கனைக் கடித்துவிட்டன என்பது பிற்காலக் கதை. கித்தார் ஒலித்தது உண்மை. குருவும் ஆசிரியரும் சேர்ந்து செய்த காரியம் என்பதைக் கேட்டதும் எதிர்ப்புத் தெரிவித்த பெரியவர்கள் சற்றுப் புன்னகை செய்தனர். பங்குத்தந்தை இசைவு தந்தார்.

இரண்டாம் கித்தார்

கடன் தீர்ந்து நிதி மீண்டும் 14,800 ரூபாயாயிற்று. இடையில் பாடற்குழு ஈட்டியது 6,200 ரூபாய். ஆக 21,000 ரூபாய். சென்னை அண்ணா சாலையில் இசைக்கருவிக் கடைகளைப் பார்த்தோம். அங்குள்ள மியூசி மியூசிக்கல் 1842-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். புதிய ஆர்ச்டாப் கித்தார்களின் விலை எங்கள் கைக்கு மேலே நின்றது. கனடா நாட்டின் காடின், அமெரிக்கப் பெயரான எபிஃபோன், ஜப்பானின் ஐபனெஸ் ஆகிய நிறுவனங்கள் எளிய விலையில் செய்வதாகச் சொல்லப்படுபவைகூட எங்களுக்கு எளியவை அல்ல.

இறுதியில் பயன்படுத்திய கருவி ஒன்றைத் தேடினோம். வெளிநாட்டுக்குப் பயணப்படும் ஓர் இளம் பொறியாளர் தாம்பரத்தில் தம் கித்தாரை விற்பதாக அறிந்தோம். ஐபனெஸ் நிறுவனம் 2002-இல் தொடங்கிய ஆர்ட்கோர் வரிசையைச் சேர்ந்தது அது. ஒட்டுப்பலகை, முழுமையாக உள்ளீடற்ற ஆழ்ந்த வயிறு, இரட்டைச் சுருள். முனையில் ஒரு கீறல், வால்தகட்டில் சிறிது துரு. தம்பி அதை எடுத்தான். இணைக்கவில்லை. துளையில் விரல் வைத்தான். விரல் உள்ளே சென்றது. கழுத்தைப் பார்த்தான், காகிதம் நுழைத்துப் பார்த்தான், பன்னிரண்டாம் மெட்டைத் தொட்டுக் கேட்டான். முக்கால் மணி நேரம். நாங்கள் நாற்காலியில் அமர்ந்து, தேர்வெழுதும் மாணவர் போல வாய் திறவாது இருந்தோம்.

சுருள்கள் பலகையில் பதிக்கப்பட்டவையாதலால், விழுப்புரத்துப் பெரியவரின் கித்தாரைப் போல் அது கூடத்தை நிறைக்கவில்லை. அதைத் தம்பியே எங்களிடம் சொன்னான்: "பெரிய கோவில் முழுக்கக் கேக்காது சார். ஆனா பன்னெண்டு பேரு சுத்தி நின்னா நல்லாக் கேக்கும். நம்ம பணத்துக்கு இதுதான்." விலை 19,500 ரூபாய். புதிய கம்பிகளுக்கும் குதிரையைச் சீர்செய்வதற்கும் 1,500 ரூபாய். நிதியில் ஒரு ரூபாயும் மிஞ்சவில்லை. திண்டிவனம் வரும்வரை பேருந்தில் அவன் அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

செசிலியம்மாள் திருநாள்

2025 நவம்பர் 22, சனிக்கிழமை, இசைவாணர்களின் பாதுகாவலியாகிய புனித செசிலியம்மாள் திருநாள். அன்று மாலைத் திருப்பலிக்குமுன் பங்குத்தந்தை கித்தாரை மந்திரித்தார். மறுநாள் கிறிஸ்து அரசர் பெருவிழாவில் ஆலயம் நிரம்பியிருந்தது. வருகைப் பாடலுக்கும் வானவர் கீதத்துக்கும் ஆம்ப்ளிஃபயர் துணை நின்றது. நற்கருணை வழங்கும் வேளையில், எவரும் சொல்லாமலேயே, தம்பி இணைப்பைக் கழற்றிவிட்டு மீட்டினான். பாடற்குழு அவனைச் சுற்றி நெருங்கி நின்று தணிந்த குரலில் பாடியது. சென்ற கோடையில் அவனைக் குறை கூறியவர்களும் அந்த வட்டத்தில் நின்றனர்.

திருப்பலி முடிந்ததும் இட்லிக் கடை அம்மாள் எங்களிடம் வந்தார். அவர் இருந்தது நான்காம் வரிசை. "இப்போ கேக்குது டீச்சர்" என்றார். அந்த 500 ரூபாய்க்கு நாங்கள் ஒப்புவிக்க வேண்டிய கணக்கு அன்றுதான் முடிந்தது.

அன்பர்களே, கருவி வாங்குவோர்க்கு எங்கள் அறிவுரை இது: வாசிப்பவனை உடன் அழைத்துச் செல்லுங்கள். மின்சாரம் இன்றி முதலில் கேளுங்கள். பளபளப்புக்கு விலை கொடாதீர்கள். கருவி வாங்காதோர்க்கும் ஒரு வார்த்தை உண்டு. பதவியும் வயதும் பட்டமும் ஆம்ப்ளிஃபயர் போன்றவை. உள்ளே இருப்பதை அவை பெரிதாக்கிக் காட்டும், இல்லாததை உண்டாக்க மாட்டா. எங்களிடம் ஆசிரியர் என்னும் பெயர் இருந்தது, துளையின் படமும் இருந்தது. ஒரு கொத்தனார் மகனிடம் துளையே இருந்தது. விரல் வைத்துப் பார்க்க எங்களுக்கு ஓராண்டு ஆயிற்று.

பழைய கித்தாரை நாங்கள் எறிந்துவிடவில்லை. எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கின்றோம். வீட்டுக்கு வரும் சிறுவர்கள் அதன் துளையில் விரல் வைத்துப் பார்த்துச் சிரிப்பார்கள். நாங்களும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பழகிவிட்டோம்.